லாபம் திரையில் தெரிகிறதா? பங்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, டெபாசிட்டும் ஓய்வூதியமுமாக காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தனியே வசிக்கும் பெரியவர்களைப் பங்கு வர்த்தக மோசடிக்காரர்கள் எளிதில் வளைத்துவிடுகிறார்கள். வீட்டு ஆச்சிகளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கேட்காமலே வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பார்கள். அங்கே லாபப் படம் போடுகிறவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய ஆட்களே. அடுத்து, பிரபல நிறுவனத்தின் சின்னத்தோடு ஓர் ஆப் லிங்க் வரும். சிறு தொகை போட்டால் லாபத்தோடு வங்கிக்கே திரும்பி வந்துவிடும். நம்பிக்கை பிறப்பது இந்த இடத்தில்தான். அது பங்கில் வந்த லாபம் அல்ல. உங்களை லட்சங்கள் போட வைக்க அவர்கள் செய்யும் செலவு.

ஆப் திரையில் எந்த எண்ணையும் அவர்களே எழுதலாம். எதிராளி காட்டும் வரவைத் தன் பேரேட்டோடு ஒத்துப் பார்த்தே ஐந்தொகை போட்டுப் பழகிய ஊர் இது. இங்கும் அதையே செய்யுங்கள். வாங்கிய பங்கு மறு வேலைநாளில் உங்கள் பெயரிலுள்ள டீமேட் கணக்குக்கு, அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்குக்கு, வந்தாக வேண்டும். இந்தக் கணக்குகளைப் பராமரிக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் நிறுவனத்தின் இணையதளத்துக்கு நேரே போய்ப் பாருங்கள். குழுவில் வந்த லிங்க் வேண்டாம். அங்கே இல்லையென்றால் அந்தப் பங்கு வாங்கப்படவே இல்லை.

பணம் அனுப்பும் முன், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு தந்த பதிவு எண்ணைக் கேளுங்கள். புரோக்கருக்கு ஐஎன்இசட், ஆலோசகருக்கு ஐஎன்ஏ என்று தொடங்கும். உண்மையான எண்ணைத் திருடியும் காட்டுவார்கள் என்பதால், செபி இணையதளத்தில் அந்த எண்ணுக்கு நேரே உள்ள தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். பதிவு பெற்ற புரோக்கரின் யுபிஐ முகவரியில் 'பிஆர்கே' என்ற எழுத்துகளும் 'அட் வேலிட்' என்பதும் இருக்கும். செலுத்தும்போது பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் தெரியும். வங்கி வழியாக அனுப்புவதானால் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் 'செபி செக்' வசதியில் சரிபாருங்கள். தனியாள் பெயரிலோ ஏதோ ஒரு கடைப் பெயரிலோ கணக்கு இருந்தால், அதுவும் ஒவ்வொரு முறையும் மாறினால், ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

'வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர் கணக்கில் உங்களுக்கும் இடம்' என்பது பொய். இங்கே வசிப்பவர்களுக்கு அந்த வழி கிடையாது. 'ஐபிஓ (புதுப் பங்கு வெளியீடு) ஒதுக்கீடு நிச்சயம்' என்பதும் அப்படியே. முறையாக விண்ணப்பித்தால் ஒதுக்கீடு ஆகும்வரை பணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும்.

அதிகப் பணம் போவது கடைசிக் கட்டத்தில். லாபத்தை எடுக்கக் கேட்டால் '20 சதவீத வரியை முதலில் கட்டுங்கள்' என்பார்கள். மூலதன ஆதாய வரியை நாம் வருமான வரித் துறைக்குக் கட்டுகிறோம், புரோக்கருக்கு அல்ல. போட்டதை மீட்கும் ஆசையில் நகையை அடகு வைத்து இதைக் கட்டினால் அதுவும் போய்விடும்.

ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கத்தான் இந்த அவசரம். பரிவர்த்தனை எண், தொகை, தேதி, பணம் போன கணக்கு எண் ஆகியவை கையில் இருக்கட்டும். வங்கிக்கும் சொல்லுங்கள். உரையாடல்களைப் படம் எடுக்கும்வரை குழுவை விட்டு வெளியேற வேண்டாம். புகார் எண்ணோடு சிவகங்கை மாவட்ட சைபர் குற்றப் பிரிவை அணுகுங்கள். பிறகு 'பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று கட்டணம் கேட்டு யார் அழைத்தாலும், அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துக் கொடுங்கள்.