ஓமர்ஸ் ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்து வாசியுங்கள்

ரொறொன்ரோ மாநகரசபையில் என்னுடன் வேலை செய்யும் பிள்ளைகள், ஒன்ராறியோ மாநகர ஊழியர்களின் ஓய்வூதிய நிதியான ஓமர்ஸின் (OMERS) ஆண்டறிக்கை வந்தால் முதல் பக்கத்தில் இலாப வீதத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நான் கடைசிப் பக்கங்களில் தொடங்குவேன்.

நிதிக்கூற்றுகளின் குறிப்புகளில் 'மூன்றாம் நிலை' (Level 3) என்ற அட்டவணையைத் தேடுங்கள். அன்றாடச் சந்தை விலை இல்லாத சொத்துகள் அதில்தான் இருக்கும்: கட்டடம், உட்கட்டமைப்பு, தனியார் கம்பனிப் பங்கு, தனியார் கடன். ஓமர்ஸ் காசில் பாதிக்கு மேல் இந்த வகைச் சொத்துகளில்தான் இருக்கிறது. நாங்கள் இரத்தப் பரிசோதனைக்குப் போகும் லைஃப்லாப்ஸ்கூட 2024 வரை அவர்களுடையதுதான். இவற்றின் பெறுமதி எல்லாம் மதிப்பீடு. எந்த அனுமானத்தில் மதிப்பிட்டார்கள், வட்டி கொஞ்சம் ஏறினால் எவ்வளவு குறையும் என்று பாருங்கள்.

ஓர் உதாரணம்: லண்டனுக்குத் தண்ணீர் கொடுக்கும் தேம்ஸ் வோட்டர் கம்பனியில் ஓமர்ஸுக்கு ஏறத்தாழ 32 சதவீதப் பங்கு இருந்தது. பங்குதாரர்களில் அவர்கள்தான் பெரியவர்களாக இருந்தார்கள். சனம் தண்ணீர்க் கட்டணம் கட்டாமல் விடுமா, இதைவிடப் பத்திரமான முதலீடு உண்டா என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கம்பனி கடனில் மூழ்கியது. கட்டணத்தை நினைத்தபடி ஏற்ற ஒழுங்குமுறை அமைப்பு விடவில்லை. 2024 மார்ச்சில், வாக்களித்திருந்த 50 கோடி பவுணைப் போட மாட்டோம் என்று பங்குதாரர்கள் கையை விரித்தார்கள். அந்த ஆண்டே ஓமர்ஸ் தன் பங்கின் பெறுமதியைப் பூச்சியம் என்று எழுதியது. பங்குச்சந்தைப் பங்கென்றால் சரியத் தொடங்கும்போதே விற்றுத் தப்பலாம். இதை யார் வாங்குவார்?

அப்புறம், இலாபத்தைத் தனியே பார்க்காதீர்கள், அவர்களே வைத்த இலக்கோடு பாருங்கள். 2023இல் இலாபம் 4.6 சதவீதம், இலக்கு 6.6. கட்டடங்கள் மட்டும் 7.2 சதவீத நட்டம்.

சரி, இதனால் பென்சன் குறையுமா? நேரடியாகக் குறையாது. அது சம்பளத்தையும் சேவைக்காலத்தையும் வைத்துக் கணக்கிடப்படுவது. நட்டம் நீடித்தால் அடி விழக்கூடிய முக்கிய இடங்கள் இரண்டு. ஒன்று, நாங்கள் கட்டும் பங்களிப்பு. மற்றது, பென்சனில் வருடாவருடம் சேரும் விலைவாசிக்கேற்ற உயர்வு. 2022 முடியும்வரை செய்த சேவைக்கு அந்த உயர்வு உறுதி. 2023 தொடக்கம் செய்யும் சேவைக்கு, நிதியின் நிலையைப் பார்த்துக் குறைக்கலாம். அண்மையில் சேர்ந்த தம்பி தங்கைகளுக்கு முழுச் சேவையும் இந்த உறுதியில்லாத பக்கம்தான். ஆகவே அறிக்கையை மூடுமுன் உங்கள் சேவையில் எத்தனை வருடம் எந்தப் பக்கம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.