பள்ளி இதழுக்குக் கபடிச் செய்தி எழுதும்போது

"நம் மாணவர்கள் சிறப்பாக விளையாடி வெற்றி பெற்றனர்." பள்ளி இதழில் வருடா வருடம் வரும் வரி இது. படித்தால் ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிறதா?

மைதானத்துக்குப் போகும்போதே நோட்டில் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் நேரம், அந்தப் பக்கம் புள்ளி என்று குறித்துக்கொண்டே வாருங்கள். கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 நொடிதான், எல்லாவற்றையும் எழுத முடியாது. ஆட்டம் திரும்பிய இடத்தைப் பிடித்தால் போதும். எதிரணியில் ஏழு பேரும் வெளியேறிவிட்டால் கூடுதலாக 2 புள்ளி கிடைக்கும்; பல ஆட்டங்களில் ஸ்கோர் எகிறுவது அங்கேதான். கட்டுரையை அந்த நொடியிலிருந்தே தொடங்குங்கள். சிறப்பு விருந்தினர் கடைசிப் பத்தியில் வரட்டும் (ஆசிரியர் சம்மதித்தால்!).

கலை நிகழ்ச்சிக்கும் இதே கதைதான். பறையாட்டம் என்றால் முன்கூட்டியே போய், தோல் இறுகப் பறையை நெருப்பில் காய்ச்சுவதைப் பாருங்கள். மேடையில் கிடைக்காத வரிகள் அங்கே கிடைக்கும்.

அப்புறம், தோற்ற அணியிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். பெயர்களை அவர்களையே நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். சண்முகமா, ஷண்முகமா என்று அச்சுக்குப் போகும் நாளில் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.