பிரிட்டனின் சின்ன ஊர்களைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் விடாமல் செய்யும் தவறுகள்

மே மாதம் பிறந்துவிட்டால் போதும், ஊரிலிருந்து வரப்போகிறவர்கள் பயணத் திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லு" என்பார்கள். திறந்து பார்த்தால், இங்கே வந்த புதிதில் நாங்கள் எல்லாரும் போட்ட அதே கோணல் திட்டம். குடை எடுத்து வாருங்கள், பிளக் அடாப்டர் வாங்குங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

லண்டனில் அறை, தினமும் போய்வருவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். வாரம் முழுக்க லண்டனில் ஒரே ஹோட்டல், அங்கிருந்து ஒரு நாள் காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்கள், ஒரு நாள் தென்கிழக்கே ரை என்ற பழைய சின்ன ஊர், முடிந்தால் இன்னொரு நாள் யார்க் பக்கம். கேட்டால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாமே என்பார்கள்.

என் சித்தப்பா குடும்பம் இப்படித்தான், எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், ஒரே நாளில் நான்கு கிராமம் காட்டும் கோச் டூரில், அதாவது சுற்றுலா பஸ்ஸில், போனார்கள். விடிந்ததும் கிளம்பி, லண்டன் டிராஃபிக்கைத் தாண்டி காட்ஸ்வோல்ட்ஸ் கிராமமான பைபரியில் இறங்கும்போது மணி பதினொன்று. அங்கே ஆர்லிங்டன் ரோ என்று ஒரு வரிசை வீடுகள், சுவரும் கல், கூரையும் கல். 1380 வாக்கில் மடத்துக்காரர்கள் கம்பளி சேர்த்து வைக்கக் கட்டிய கிடங்கு அது, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாக மாறியது, இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஏற்கெனவே வேறு கோச்சுகளில் வந்த கூட்டம். கொடுத்த நேரத்தில் பாதி சித்திக்குக் கழிப்பறை வரிசையில் போயிற்று. எடுத்த போட்டோக்களில் வீட்டைவிட அடுத்தவர் முதுகுதான் அதிகம். ராத்திரி போன் செய்த சித்தப்பா, "நல்லாத்தான்பா இருந்துச்சு, ஆனா நாலு ஊரும் ஒரே மாதிரி இருந்துச்சு" என்றார். இருக்காதா பின்னே? நான்கையும் உச்சி நேரத்தில், நெரிசலில், வண்டி கிளம்பிவிடுமோ என்ற பதற்றத்தோடு பார்த்தால் தஞ்சைப் பெரிய கோயிலும் திருச்சி பஸ் ஸ்டாண்டும்கூட ஒரே மாதிரிதான் தெரியும்.

இந்த ஊர்களுக்கு ஒரு நேரம் உண்டு. கோச்சுகள் பத்தரை பதினொன்றுக்கு வந்து சாயங்காலம் ஐந்துக்குள் கிளம்பிவிடும். ஜூனில் ஒன்பது மணிக்குமேல்தான் சூரியன் மறையும் என்பதால், ஐந்துக்கு அப்புறமும் நான்கு மணி நேரம் நல்ல வெளிச்சம் இருக்கிறது, அந்த நான்கு மணி நேரத்தைத்தான் லண்டன் திரும்பும் வண்டியில் தூங்கிக் கழிக்கிறோம். ரையில் மெர்மெய்ட் ஸ்ட்ரீட்டில் பகலில் நடந்தால் உருண்டைக் கற்களில் கால் இடறாமல் இருப்பதா, எதிரே வருகிறவருக்கு வழிவிடுவதா என்றே போய்விடும். ஏழு மணிக்கு அதே தெருவில் போய்ப் பாருங்கள். 1420இல் திரும்பக் கட்டிய மெர்மெய்ட் இன், சாய்ந்து நிற்கும் மரச்சட்ட வீடுகள், உள்ளே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம், நாயோடு உலாவ வந்த உள்ளூர்க்காரர் ஒரு "ஈவ்னிங்" சொல்லிவிட்டுப் போவார்.

காசுக் கணக்கும் உதைக்கும். வார நாட்களில் பொதுவாகக் காலை ஒன்பதரைக்கு முன் கிளம்பும் ரயில்களுக்குப் பீக் கட்டணம், அதாவது நெரிசல் நேரக் கூடுதல் கட்டணம், தூரம் கூடக் கூட அது வலிக்கும். லண்டன் பாடிங்டனிலிருந்து காட்ஸ்வோல்ட்ஸில் இருக்கும் மோர்ட்டன்-இன்-மார்ஷுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ஒன்பதரைக்கு அப்புறம் ஏறினால் கோச் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் போய் இறங்குவீர்கள். பேசாமல் பெட்டியோடு நிதானமாகக் கிளம்பி, இரண்டு ராத்திரி அங்கேயே தங்குங்கள். லண்டன் ஹோட்டலில் அந்த இரண்டு ராத்திரி மிச்சம். ஞாயிறு முதல் வியாழன் வரை அறை வாடகை பெரும்பாலும் குறைவு, வெள்ளி சனி என்றால் பல இடங்களில் இரண்டு ராத்திரியும் சேர்த்து எடுத்தால்தான் தருவார்கள். கணவன் மனைவி என்றால் டூ டுகெதர் ரயில்கார்டு வாங்குங்கள், இருவரும் சேர்ந்து போகும்போது மூன்றில் ஒரு பங்கு குறையும், ஆனால் வார நாட்களில் அதுவும் ஒன்பதரைக்கு அப்புறம்தான். அட்வான்ஸ் டிக்கெட் மலிவு என்று எடுத்தால் அதில் போட்டிருக்கும் ரயிலில்தான் ஏற வேண்டும், உங்கள் தாமதத்தால் அதை விட்டால் காசு போனது போனதுதான்.

ரயிலில் போய் இறங்கி நடந்தே பார்க்கும் ஊர் வேண்டும் என்றால் வேல்ஸில் கான்வி. ஸ்டேஷனே பழைய கோட்டை மதிலுக்குள் இருக்கிறது. முதலாம் எட்வர்ட் 1283இல் தொடங்கி நான்கே ஆண்டில் கட்டிய கோட்டை, ஊரைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு மேல் மதில், அதன்மேல் ஏறி நடக்கலாம்.

மேப்பில் ஸ்டேஷன் இருக்கிறதே என்று கிளம்புவது

வடகிழக்குக் கடலோர ஊரான விட்பியில் ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் மிடில்ஸ்பரோவிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து வரும் ரயில் ஒரு நாளைக்குச் சிலதான். யார்க்கிலிருந்து போகிறவர்கள் பிக்கரிங் வழியாகப் பஸ்ஸில் போகலாம், மேட்டு நிலத்தைத் தாண்டிப் போகிற அந்த வழியே தனி அழகு. புத்தகக் கடைகளுக்குப் பேர்போன ஹே-ஆன்-வையில் ஸ்டேஷனே கிடையாது, ஹெரஃபர்டில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். அங்கே மே கடைசியில் இலக்கிய விழா, அப்போது அறை கிடைப்பது குதிரைக் கொம்பு.

ஞாயிற்றுக்கிழமை கிராமத்து பஸ்

நம்பாதீர்கள்.

பிராட்ஃபர்டும் பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவனும்

முன்னது வடக்கே யார்க்‌ஷயரில் பெருநகரம். நீங்கள் போட்டோவில் பார்த்து மயங்கியது பின்னது, பாத் பக்கம். டிக்கெட்டில் முழுப் பெயரையும் படியுங்கள்.

மூன்று மணிக்கு மதியச் சாப்பாடு

சின்ன ஊர் பப்களில் பலவற்றில் சமையலறையை இரண்டு இரண்டரைக்கு மூடினால் ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். குழந்தைகள் இருந்தால் பையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

கார் எடுத்தால் கவலை இல்லை

இடதுபக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு மெயின் ரோடு பிரச்சினையில்லை, இந்திய லைசென்ஸை வைத்தே ஓராண்டு ஓட்டலாம். சிக்கல் கிராமத்துச் சந்துகளில்தான். இரண்டு பக்கமும் ஆளுயர வேலி, நடுவே ஒரு கார் போகும் அகலம், எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்கும் இடம்வரை ரிவர்ஸிலேயே போக வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸுக்கு ஆகஸ்டில் போகிறவர்கள் காரை செயின்ட் எர்த்தில் விட்டுவிட்டுக் கடலோரமாகப் போகும் குட்டி ரயிலில் ஏறுங்கள், கால் மணி நேரம்கூட ஆகாது.

அலை நேரம் பார்க்காமல் ஹோலி ஐலண்ட்

நார்தம்பர்லண்டில் இருக்கும் இந்தத் தீவுக்குப் போகிற சாலையைக் கடல் தினம் இரண்டு முறை மூடும். கொஞ்சம் தண்ணீர்தானே என்று காரை இறக்கிவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் ஓய்வதேயில்லை. அவர்கள் ஏறி உட்காரவென்றே வழியில் உயரமான தூண்கள்மேல் குடிசை ஒன்று நிற்கிறது. கடக்கும் நேரம் நாளுக்கு நாள் மாறும், கவுன்டி கவுன்சில் அட்டவணை போடுகிறது. முதலில் அதைப் பார்த்து நாளை முடிவு செய்யுங்கள், அப்புறம் அறை, அதற்கப்புறம் ரயில்.