யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடைக்குச் சின்னப் பிள்ளையோடு போகிறீர்களா?

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகும் பெற்றோரில் பலர், பிள்ளையின் வயிற்றுக்குப் பயந்து குளிரூட்டிய உணவகங்களையே தேடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எப்போதோ செய்து குளிர்பெட்டியில் வைத்துத் திரும்பச் சூடாக்கிய பீட்சாவைவிட, கண்ணெதிரே ஆவி பறக்க இறக்கிய இடியப்பம் பிள்ளையின் வயிற்றுக்கு நல்லது. கடையின் பளபளப்பை விடுங்கள். சாப்பாடு அடுப்பிலிருந்து எப்போது இறங்கியது என்று பாருங்கள்.

அதற்கு நேரம் அறிந்து போக வேண்டும். இடியப்பம், பிட்டு, தோசை எல்லாம் பெரும்பாலும் காலையிலும் மாலைக்குப் பிறகும்தான். மத்தியானத்தில் சோறும் கறியும். அந்த நேரத்தில் தோசைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளையோடு வெயிலில் கடை கடையாக ஏறி இறங்க நேரும். சோற்றுக்குப் பன்னிரண்டரை மணிக்குள் போய்விடுங்கள். கறிகள் சூடாக இருக்கும், இருக்க இடமும் கிடைக்கும். பிந்திப் போனால் சட்டியின் அடியில் கிடப்பதுதான் தட்டுக்கு வரும்.

பெரிய சிக்கல் உறைப்புத்தான். "உறைப்புக் குறைவாக" என்று சொல்லிப் பயனில்லை. அங்கே குறைவு என்பது லண்டனிலோ டொரன்டோவிலோ வளரும் பிள்ளைக்குக் கண்ணீர் வரும் அளவு. "பிள்ளைக்கு, உறைப்பே வேண்டாம்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னாலும், காலையில் காய்ச்சிய கறியிலிருந்து மிளகாய்த்தூளை யாரும் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே கேட்ட பிறகு செய்து தருபவற்றையே கேளுங்கள்: வெறும் தோசை, பாலப்பம், முட்டை அப்பம். பருப்பும், தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதியும் அநேகமாகக் கைகொடுக்கும். சொதியில் மிதக்கும் பச்சை மிளகாயை மட்டும் எடுத்துவிடுங்கள். கொத்து ரொட்டியையும் கல்லில் அப்போதே போடுவதால், குழம்பு ஊற்றாமல் முட்டையும் மரக்கறியும் மட்டும் சேர்த்துத் தரச் சொல்லலாம். கல்லில் தகடுகள் அடிபடும் சத்தம் பிள்ளைக்கு இலவச வேடிக்கை. பனங்கிழங்கு மாவில் மீனும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சும் ஒடியல் கூழைப் பெரியவர்களே குடியுங்கள்.

ஒவ்வாமை உள்ள பிள்ளையென்றால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். சம்பலில் மாசிக் கருவாடு இருக்கலாம், எண்ணெய் நல்லெண்ணெயாக இருக்கலாம், மரக்கறி ரோல்ஸும் மீன் ரோல்ஸும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மீனும் முட்டையும் ஆகாத பிள்ளைக்குச் சைவக் கடை ஓரளவு நிம்மதி.

முதல் தடவை எங்கே போவது என்று கேட்டால், யாழ் நகரை அடுத்துள்ள திருநெல்வேலியில் மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் நடக்கும் அம்மாச்சி உணவகத்தைச் சொல்வேன். பெண்கள் உங்கள் முன்னாலேயே சமைக்கிறார்கள். எது எதில் சேர்கிறது என்று பார்த்துக்கொண்டே வாங்கலாம்.

தேத்தண்ணீருக்கு உட்கார்ந்தால் சில கடைகளில் வடை, ரோல்ஸ், பணிஸ் அடுக்கிய தட்டைக் கேட்காமலே மேசையில் வைத்துவிடுவார்கள். எடுத்ததற்கு மட்டும் காசு; மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும் வயதில் பிள்ளை இருந்தால், வேண்டியதை உடனே எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் மேசைக்கு வந்த தட்டு ஏற்கெனவே எத்தனை மேசை கண்டதோ!

தண்ணீர் மூடி உடைக்காத போத்தலில் மட்டும். பழச்சாறு வாங்கினால் ஐஸ் கட்டி வேண்டாம் என்று முதலே சொல்லுங்கள். தெருவோரத்தில் வெட்டித் தரும் இளநீருக்குத் தடையில்லை.

பிள்ளைக்கான உயரக் கதிரை சிறிய கடைகளில் இருக்காது, மடிதான். கை துடைக்க வெட்டிய பத்திரிகைத் தாள் வைத்திருக்கும் கடைகளும் உண்டு என்பதால், ஈரத் துடைப்பானும் சிறு கரண்டியும் பையில் இருக்கட்டும். பரிமாறுபவர் கன்னத்தைக் கிள்ளுவார், சில வேளை தூக்கிக்கொண்டு போய் அடுப்படியையும் காட்டுவார். அன்புதான், ஆனால் பழக்கமில்லாத பிள்ளை மிரளும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பிடிக்காவிட்டால் "வெட்கப்படுகிறான்" என்று சிரித்தபடி பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போவதை வீட்டில் இருக்கும் பெரியம்மாவுக்கு முதல் நாளே தெரிவித்துவிடுங்கள். மீன் வாங்கிச் சமைத்து வைத்த பிறகு சொன்னால், அன்றிரவு பிள்ளை இரண்டாம் தடவையும் சாப்பிட வேண்டிவரும். இன்னொன்று: சின்னக் கடையில் 5000 ரூபாய்த் தாளை நீட்டாதீர்கள், மாற்றிக் கொடுக்கச் சில்லறை இருக்காது.