ஊர் ஆஸ்பத்திரிக்கு நன்கொடையா? முதலில் சொல்லித்தர ஒரு டாக்டருக்கு வழி பண்ணுங்கள்

சிங்கப்பூரில் வாழும் நம்மில் பலர் சொந்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கட்டடம் கட்டக் கொடுத்திருக்கிறோம். ஆம்புலன்ஸ், ஜெனரேட்டர், ஆர்.ஓ. தண்ணீர் என்று வாங்கிக் கொடுத்துக் கல்வெட்டில் பெயரும் பொறித்தாயிற்று. டாக்டர் மட்டும் நிலைப்பதில்லை. எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு ஒருவர் வருவார், நீட் பி.ஜி.க்குப் படித்துக்கொண்டே சில மாதம் இருப்பார், சீட் கிடைத்ததும் கிளம்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் படித்த பிள்ளை, நடு ராத்திரியில் தனியாக முடிவெடுக்கப் பழகியிருக்காது. சந்தேகம் வந்தால் கேட்கப் பக்கத்தில் ஆளும் இல்லை.

நான் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் மாணவர் பயிற்சிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எந்த மாணவர் எந்த வார்டுக்குப் போவார், எந்த டாக்டர் எந்த நாள் பாடம் எடுப்பார் என்று அட்டவணை போடுவதுதான் என் வேலை. சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அங்கே உள்ள சின்ன அறக்கட்டளை ஆஸ்பத்திரி ஒன்றை மருத்துவக் கல்லூரியோடு சேர்த்துவைக்கும் வேலையில் எங்கள் ஊர்ச் சங்கத்துக்காக ஓடியாடி வருகிறேன். டாக்டர் நிலைக்க வேண்டுமென்றால், அந்த ஆஸ்பத்திரி பாடம் நடக்கும் இடமாக மாற வேண்டும். நம் காசு போக வேண்டிய இடம் அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். உங்கள் சங்கமும் அப்படிச் செய்ய நினைத்தால், எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன்.

சங்கத்தில் யாராவது "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பார்கள். அவர்களுக்குத் தாய்லாந்தைக் காட்டுங்கள். 1994-இல் அங்கே சுகாதார அமைச்சும் பல்கலைக்கழகங்களும் கிராம மருத்துவர்களுக்கென்றே ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கின. மாணவர் முதல் 3 ஆண்டு பல்கலைக்கழகத்தில் படிப்பார். அடுத்த 3 ஆண்டு தன் வட்டாரத்து அரசு மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்தே படிப்பார். ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997-இல் சில மாணவர்களை ஓராண்டு முழுக்க ரிவர்லேண்ட் வட்டாரத்துக் கிராமக் கிளினிக்குகளில் உட்கார வைத்தது. தேர்வு வந்தபோது அவர்கள் அடிலெய்ட் பெரிய மருத்துவமனையில் படித்தவர்களைவிட நன்றாகவே எழுதினார்கள். "கிராமத்துக்குப் போனால் மார்க் குறையும்" என்று பயப்படும் பெற்றோரிடம் இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

நம் பக்கத்திலேயே வேலூர் சி.எம்.சி. (கிறித்துவ மருத்துவக் கல்லூரி) இருக்கிறது. 1918-இல் பெண்களுக்காக ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவப் பள்ளி அது. சிறிய மிஷன் ஆஸ்பத்திரிகள் மாணவர்களை ஸ்பான்சர் செய்து அங்கே அனுப்பும். படிப்பு முடிந்ததும் அவர்கள் ஸ்பான்சர் செய்த அமைப்புக்குத் திரும்பி 2 ஆண்டு வேலை பார்க்க வேண்டும். முதலாண்டு மாணவர்களை ஒரு கிராமத்தில் தங்கவைத்து வீடு வீடாகப் போகச் சொல்வதும் அங்கே நெடுநாள் வழக்கம். வேலூர் பக்கத்தில் உள்ள கே.வி.குப்பத்தில் 1977 முதல் சி.எம்.சி.யின் ரூசா என்ற கிராமப் பிரிவு இயங்குகிறது. வேலூருக்குச் சிகிச்சைக்காகப் போகிற சிங்கப்பூர்க்காரர்கள் ஒரு நாள் ஒதுக்கி, அனுமதி கேட்டு, கே.வி.குப்பத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

சிங்கப்பூருக்கும் இது புதிதில்லை. இங்கே மருத்துவப் பள்ளி 1905-இல் திறந்ததே ஊர் மக்கள் கொடுத்த காசில்தான். சீனச் சமூகத் தலைவர் டான் ஜியாக் கிம் முன்னின்று வணிகர்களிடம் 87,077 டாலர் திரட்டினார்; அதில் 12,000 அவருடையது. ஆஸ்பத்திரிகள் அப்போதே இருந்தன. அவற்றில் வேலை செய்ய உள்ளூர்ப் பிள்ளைகளைத் தயார் செய்ய வேண்டும் என்பதற்காக அந்தப் பணத்தைக் கொடுத்தார்கள். நன்கொடை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

சரி, முதல் வேலை. ஊருக்குப் போன் போட்டு "என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் ஸ்கேன் மெஷின் என்பார்கள். எங்கள் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் வெளிநாட்டு அன்பர்கள் தந்த அல்ட்ராசவுண்ட் கருவி துணி போர்த்தியபடி கிடக்கிறது. கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தக் கருவி வைக்கும் இடத்தைப் பதிய வேண்டும், இயக்குபவருக்கு உரிய தகுதி இருக்க வேண்டும். அங்கே அதற்கு ஆள் இல்லை. அதனால் இப்படிக் கேளுங்கள்: இப்போது இருக்கும் டாக்டர்களில் சொல்லித்தரப் பிடித்தவர் யார்? ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகளைப் பார்க்கிறார்? அவர் வாரத்தில் இரண்டு அரை நாள் பாடத்துக்கு ஒதுக்கினால், அந்த நேரத்தில் புறநோயாளிகளை யார் பார்ப்பார்?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்தக் கூட்டுத் திட்டமும் நிற்காது. இங்கே பல ஆண்டு அட்டவணை போட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்: டாக்டர்களுக்குப் பாடம் எடுக்க ஆசை நிறைய உண்டு, நேரம்தான் கிடையாது. வெளியே அறுபது பேர் காத்திருக்கும்போது, பக்கத்தில் நிற்கும் மாணவியிடம் "இந்தக் குழந்தையின் மூச்சைக் கவனி, விலா உள்வாங்குகிறதா பார்" என்று எப்படி நிதானமாகச் சொல்வார்? ஆகவே சங்கத்தின் பணத்தில் முதல் செலவு, அந்த இரண்டு அரை நாளுக்கு இன்னொரு டாக்டரின் சம்பளமாக இருக்கட்டும். கல்வெட்டில் பொறிக்க அதில் ஒன்றும் இருக்காதுதான். ஆனாலும் இதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் கல்லூரியைத் தேடுங்கள். டீன் அறைக்கு நேராகப் போகாமல் சமூக மருத்துவத் துறைத் தலைவரைப் பாருங்கள். இந்தியாவில் மருத்துவக் கல்லூரிகளுக்குக் கிராமப் பயிற்சி மையம் ஒன்று இருந்தாக வேண்டும். அந்தத் துறையிடம் வண்டி, மாணவர்களைக் கூட்டிப்போகும் பழக்கம், பதிவேடு எல்லாம் ஏற்கெனவே இருக்கும். எடுத்த எடுப்பில் ஹவுஸ் சர்ஜன்களை அனுப்பச் சொன்னால் தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகளைக் காட்டுவார்கள், அது நியாயமும்கூட. 2019-இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் எலெக்டிவ் என்று சில வாரங்கள் உண்டு, மாணவரே விருப்பப்பட்ட துறையைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த வாரங்களுக்கு மூன்று நான்கு பேரை அனுப்பச் சம்மதமா என்று கேளுங்கள். அவ்வளவு சின்னதாக ஆரம்பித்தால் போதும்.

கல்லூரியிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும், இதை விட்டுவிடாதீர்கள். ஊரில் பாடம் எடுக்கும் டாக்டருக்கு ஒரு கௌரவ ஆசிரியர் பதவி. இங்கே நன்யாங் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் மருத்துவக் கல்லூரி 2013-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது, தேசியச் சுகாதாரப் பராமரிப்புக் குழுமத்தோடு கைகோத்துத்தான் நடத்தியது. வார்டிலும் பலதுறை மருந்தகத்திலும் (பாலிகிளினிக்) வேலை பார்க்கும் மருத்துவர்களே மாணவர்களுக்கும் ஆசிரியர்கள். பெயருக்குப் பின்னால் அந்த ஒரு வரி சேர்ந்ததும் அவர்கள் முகத்தில் வந்த மாற்றத்தை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். கிராமத்து டாக்டருக்கு அது இன்னும் பெரிய விஷயம். கல்லூரி நூலகத்தையும் மாதாந்திரக் கூட்டங்களையும் அவருக்குத் திறந்துவிட்டால், ஊரில் இருந்தபடியே தன் படிப்பும் வளர்கிறது என்ற தைரியம் வரும். வேலூர் சி.எம்.சி. 2006 முதல் நடத்தும் 2 ஆண்டு குடும்ப மருத்துவப் பட்டயப் படிப்பும் வேலையை விடாமல் படிக்கக்கூடியது. உங்கள் ஊர் டாக்டர் அதில் சேர விரும்பினால் கட்டணத்தைச் சங்கம் ஏற்கலாம்.

தங்குமிடம். இது பாடத்துக்குச் சமமான விஷயம். மாணவிகள் வருவார்கள், அறைக்கு உள்தாழ்ப்பாள், தனிக் கழிவறை, வழியில் விளக்கு, இரவு அழைப்பு வந்தால் வார்டு வரை கூட வர ஒரு நர்ஸ் அக்காவோ ஆயாவோ. வை-ஃபை கட்டாயம். மூன்று வேளைச் சாப்பாட்டை ஊரில் ஒரு வீட்டோடு பேசி ஏற்பாடு செய்வது நல்லது. அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான், வயலுக்குப் போகிறவர் எத்தனை மணிக்கு இன்சுலின் போடுவார், மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்துகிறார் என்பதெல்லாம் காதில் விழும். நிரந்தர டாக்டருக்கு என்றால் கணவர் அல்லது மனைவிக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வண்டி, இவற்றையும் யோசியுங்கள். சம்பளம் போதாமல் போனவர்களைவிடப் பிள்ளை படிப்புக்காகப் போனவர்களையே எங்கள் ஊரில் அதிகம் பார்க்கிறோம்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும். யார் பொறுப்பு, எத்தனை மாணவர், எத்தனை வாரம், தவறு நேர்ந்தால் யாரிடம் சொல்வது, யார் கையெழுத்தில் மாணவரின் பதிவேடு முடியும். வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்கட்டும்.

பணம் அனுப்புவதில் கவனம் தேவை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது அங்கே வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் கொடுத்தால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க அறக்கட்டளைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் முதலில் புதுடெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் போக முடியும். ஓர் அறக்கட்டளை வாங்கி இன்னொன்றுக்குக் கைமாற்றவும் முடியாது. நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காடு உச்சவரம்பு உண்டு. ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் டாக்டரின் சம்பளம் அதில் சேராது என்பது நமக்குச் சாதகம். இங்கே பொதுமக்களிடம் உண்டியல் ஏந்தியோ இணையத்திலோ வெளிநாட்டுக் காரியத்துக்கு நிதி திரட்டுவதென்றால் அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். அப்படிப் பொதுவில் திரட்டியதில் 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே செலவாக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. உறுப்பினர்கள் அவரவர் கையிலிருந்து கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வதே எளிது.

சங்கத்தில் யாரைப் படிக்க வைக்கலாம் என்ற பேச்சும் வரும். உள்ளூர்ப் பள்ளியில் படித்து, நீட் எழுதி இடம் வாங்கிய பிள்ளைகளைத் தேடுங்கள். கிராமப் பின்னணி உள்ளவர்களைச் சேர்ப்பதும், படிக்கும்போதே கிராமத்தில் பயிற்சி தருவதும் உலகச் சுகாதார நிறுவனம் 2010-லும் 2021-லும் சொன்ன பரிந்துரைகள். ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் 1972 முதல் ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் இரண்டு மூன்று பேரை எடுத்துப் படிக்கவைக்கிறது. 9 ஆண்டு சொந்த மாநிலத்தில் பணியாற்றினால் படிப்புக்குத் தந்த கடன் தள்ளுபடி. நம்மைப் போன்ற சங்கம் 9 ஆண்டெல்லாம் கேட்பது முறையாகாது என்பது என் கருத்து. 2 ஆண்டு கேட்கலாம். அந்த 2 ஆண்டும் ஒரு மூத்த டாக்டரின் கீழ் வேலை பார்க்க வழி இருந்தால் மட்டும் கேளுங்கள். தனியாக விட்டுவிட்டுப் பத்திரத்தைக் காட்டிப் பிடித்துவைத்தால் பிள்ளைக்கும் நல்லதில்லை, ஊருக்கும் நல்லதில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் தமிழ் டாக்டர்கள் பலர் உதவ ஆசைப்படுவார்கள். இந்தியாவில் மருத்துவராகப் பதிவு பெறாமல் நோயாளிக்குச் சிகிச்சை தர முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாடம் எடுக்கலாம். பெயர், முகம் காட்டாமல் ஒரு நோயாளியின் நிலையை வைத்து வாரம் ஒரு மணி நேரம் வீடியோவில் பேசினாலே மாணவர்களுக்குப் பெரிய பலம். இங்கிருந்து பேசுகிறவரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஆஸ்பத்திரியில் என்ன பரிசோதனைகள் இருக்கின்றன என்ற பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு பேச வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்று சொல்லி முடித்துவிட்டால் அங்கே இருப்பவர் என்ன செய்வார்? இங்கே மாலை நாலரை மணி என்றால் அங்கே இரண்டு மணி. சாப்பாடு முடிந்து, மாலை ஓ.பி. தொடங்கும் முன் கிடைக்கும் இடைவெளி அது. எங்கள் சங்கம் புதன்கிழமையை எடுத்துக்கொண்டது. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எந்த நாள் கூட்டம் குறைவு என்று அங்குள்ள நர்ஸிடம் கேட்டுவிட்டு நாளைக் குறியுங்கள்.