மறுபடி உருக்கினால் சரியாகிவிடுமா? தெர்மோபிளாஸ்டிக் காம்போசிட்டில் நடக்கும் தவறுகள்

போன மாதம் எங்கள் பட்டறைக்குப் புதிதாக வந்த ஒரு பையன் ஓவன் கதவைத் திறந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். உள்ளே இருந்த காம்போசிட் பலகையை (கார்பன் இழை அடுக்குகளைப் பிளாஸ்டிக்கால் பிணைத்தது) பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடங்களுக்கு முன் நான் கெடுத்த பலகை அப்படியேதான் இருந்தது.

பிளை (இழை அடுக்கு) திசையைச் சரிபார், கையுறை போடு என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே பழகிவிடும். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அழுத்தம் இல்லாமல் மறுபடி சூடாக்குவது

எபாக்சி என்ற பிசின் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். பீக், பிபிஎஸ் போன்ற தெர்மோபிளாஸ்டிக்குகள் மறுபடி உருகும். இதைத்தான் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்கிறார்கள். அங்கேயே தவறும் தொடங்கிவிடுகிறது.

நான் கெடுத்தது கார்பன் இழையும் பீக்கும் சேர்ந்த 16 அடுக்குப் பலகை. அடுக்கு ஒவ்வொன்றும் 0.14 மி.மீ., ஆக மொத்தம் 2.24 மி.மீ. அல்ட்ராசோனிக் சோதனையில் ஒரு மூலையில் கொஞ்சம் காற்றுக்குமிழி தெரிந்தது. ‘பீக் 343 டிகிரியில் உருகிவிடும், 385இல் கொஞ்ச நேரம் வைத்தால் மூலை சரியாகிவிடும்’ என்று நினைத்து ஓவனில் சும்மா வைத்துவிட்டேன். வெளியே எடுத்தபோது பலகை முழுக்க உப்பியிருந்தது. மேற்பரப்பின் பளபளப்பு போய் இழைகள் வறண்டு தெரிந்தன. நாணயத்தால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் ‘டொப்’ என்றது. மூலையில் மட்டும் இருந்த குறை இப்போது பலகை முழுவதும் பரவிவிட்டது.

பிரஸ்ஸில் அழுத்தும்போது இழைக்கட்டுகள் வில்சுருள் போல அமுங்குகின்றன. அந்த நிலையிலேயே அவற்றைப் பிடித்து வைத்திருப்பது இறுகிய பிளாஸ்டிக்தான். அது உருகியதும் பிடி விட்டுப்போய் இழைகள் திமிறி எழும்புகின்றன. உள்ளே சிக்கிய காற்றும் ஈரமும் விரிகின்றன. உருகிய பீக், இறுகாத எபாக்சியைவிடப் பல மடங்கு கெட்டியானது, தானாக ஓடிப்போய் அந்த வெற்றிடங்களை நிரப்பாது. அதனால் உருகுவதற்கு முன்பே அழுத்தம் ஏற வேண்டும். ஆறி இறுகும்வரை குறையவும் கூடாது. நான் பீக்கை 143 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் விடுவிப்பேன்.

‘ஸ்டாம்பிங்கில் அழுத்தம் இல்லாமல்தானே அகச்சிவப்பு ஓவனில் சூடாக்குகிறோம்?’ என்று அந்தப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. சூடாக்கிய பலகையைப் பிரஸ்ஸில் அமுக்கி வடிவம் கொடுப்பதுதான் ஸ்டாம்பிங். அங்கேயும் பலகை உப்பத்தான் செய்கிறது. ஆனால் சில வினாடிகளுக்குள் பிரஸ் மூடி அதைத் திரும்ப அமுக்கிவிடுகிறது. அப்படியும் செங்குத்தான சுவர்ப் பகுதிகளில் அழுத்தம் குறைவாகவே விழும், சோதனையில் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். வெல்டிங்கிலும் இதே கதைதான். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 விமானத்தின் வால்பகுதியிலுள்ள ரடரும் எலிவேட்டரும் (விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் அசையும் பாகங்கள்) கார்பன்–பிபிஎஸ்ஸில் இண்டக்‌ஷன் முறையில் (மின்காந்தப் புலத்தால் சூடாக்கி) வெல்டு செய்யப்பட்டவை. ஆணி, ரிவெட் இல்லாமல் ஒட்டலாம் என்பது இந்தப் பொருளின் பெரிய வரம். ஆனால் உருகும் இடத்தை அழுத்திப் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் அந்த வரம் பலிக்காது.

இன்னொன்று: காற்றில் திரும்பத் திரும்ப 380, 400 என்று ஏற்றினால் பீக் ஆக்சிஜனேற்றம் அடைந்து மேலும் கெட்டியாகும். அதனால் மறுஉருக்கு எத்தனை முறையும் செய்யலாம் என்பதும் பொய்.

அவசரமாக ஆறவைப்பது

நேரம் மிச்சம் என்று சட்டென்று குளிர்வித்தால் பீக் படிகமாக நேரம் கிடைக்காது. பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் கரைப்பான் பட்டால் தாங்கும் சக்தி குறைந்திருக்கும்.

அச்சின் சுருக்கத்தை மறப்பது

பாகத்துக்கு வடிவம் கொடுக்கும் 1 மீட்டர் நீள அலுமினிய அச்சு (மோல்டு) 340 டிகிரியிலிருந்து அறை வெப்பத்துக்கு வரும்போது 7 மி.மீ.க்கு மேல் சுருங்கும். கார்பன் பாகம் சுமார் 1 மி.மீ.தான் சுருங்கும். உள்வளைவான அச்சு என்றால் பாகத்தை நெருக்கி உடைத்துவிடும்.

நைலான் பை

பாகத்தின் மேல் போர்த்திக் காற்றை உறிஞ்சி அழுத்தும் நைலான் பை எபாக்சிக்கு மட்டும். இங்கே அதிக சூடு தாங்கும் பாலிஇமைடு பிலிம்தான்.

கார்பனை நேரடியாக அலுமினியத்தில் வைப்பது

அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் ஒரு கண்ணாடி இழை அடுக்கு போடுங்கள்.