லூமென் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்: பாக்கெட் டார்ச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்டைப் பையில் அடங்கும் டார்ச்சின் பெட்டியில் 4000 லூமென் (மொத்த வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருக்கும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வெளிச்சம் நிற்காது. ஒரே ஒரு 18650 செல்லிலிருந்து (18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள லித்தியம் பேட்டரி) 10 ஆம்பியர் இழுத்தால் சுமார் 35 வாட் ஆகிறது, அதில் பாதிக்கு மேல் சூடாகத்தான் போகும். கட்டைவிரலைவிடக் கொஞ்சமே பருமனான அலுமினியக் குழாய்க்கு அவ்வளவு சூட்டை வெளியேற்றும் பரப்பு கிடையாது. ஒரு நிமிடத்துக்குள் டிரைவர் (எல்இடிக்கு மின்னோட்டம் தரும் சர்க்யூட்) தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். குறைக்காவிட்டால் உங்கள் கையே அதைக் கீழே போட்டுவிடும்.

பெட்டியில் இருக்கும் நேரக் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். டார்ச்களுக்கான அமெரிக்கத் தரநிலையான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1-இன்படி, வெளிச்சம் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஓடும் நேரம்தான் அங்கே அச்சாகிறது. 4000 லூமெனில் தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் 600-க்கு இறங்கி, அங்கேயே இரண்டு மணி நேரம் ஓடினாலும் "4000 லூமென், 2 மணி நேரம்" என்று போட்டுக்கொள்ளலாம். வாங்குமுன் பார்க்க வேண்டியது நேரத்துக்கு எதிராக வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்ற வரைபடத்தை. பத்தாவது நிமிடத்தில் எத்தனை லூமென் மிச்சமிருக்கிறதோ, அதுதான் அந்த டார்ச்சின் உண்மையான திறன். சிறிய 18650 டார்ச்சில் திறமையான டிரைவர் இருந்தால் 500 லூமென் பக்கம் நிலையாகக் கிடைக்கும். ராயபுரம் சந்துகளில் நடக்கவும், மாடித் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கவும், மின்தடையில் மீட்டர் பெட்டியைத் திறக்கவும் அது தாராளம்.

தூரம் வேறு கணக்கு. எவ்வளவு தொலைவுக்கு எட்டும் என்பதைச் சொல்வது லூமென் அல்ல, கேண்டெலா, அதாவது கற்றையின் மையத்தில் உள்ள ஒளிச்செறிவு. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் வரும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர், 40,000 என்றால் 400 மீட்டர். அந்தக் கடைசி மீட்டரில் விழுவது முழுநிலவு அளவு வெளிச்சம்தான், கண்ணுக்கு உருப்படியாகத் தெரிவது அதில் பாதித் தூரம். காசிமேட்டுத் துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவரின் முனையைப் பார்க்க வேண்டுமானால், 1000 லூமெனும் 40,000 கேண்டெலாவும் உள்ள டார்ச், 4000 லூமென் அகல ஒளி டார்ச்சைவிட நன்றாக உதவும். படகின் இன்ஜின் அறைக்குள் குனிந்து வேலை பார்ப்பவருக்கு அதே கூர்மையான கற்றை கண்ணைக் கூசவைக்கும். எங்கே பிடிக்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் டார்ச் தேடுவதுதான் முதல் தவறு.

சூட்டு வரம்பும் சென்னை வெயிலும்

எமிசார் டி4வி2 போன்ற டார்ச்களில் வரும் ஆண்டுரில் 2 மென்பொருளுக்கு வெப்ப உணரி உண்டு. பலர் அதைச் சரிசெய்யாமலே பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் அது கட்டாயம் செய்ய வேண்டிய வேலை. காரணம் இதுதான்: ஃபேக்டரி ரீசெட் செய்யும்போது பழைய சிப் கொண்ட மாடல்கள் அந்த நேரத்து வெப்பம் 21 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். தண்டையார்பேட்டையில் மின்விசிறி ஓடும் அறையிலேயே 31 டிகிரி இருக்கும். ஆகவே டார்ச் பத்து டிகிரி குறைவாகவே கணக்குப் போடும். 45-ல் நிற்க வேண்டியது 55-ல் போய் நிற்கும். "என் டார்ச் மட்டும் கையைச் சுடுகிறது" என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

சரிசெய்யும் முறை: டார்ச்சை இரண்டு மூன்று மணி நேரம் அணைத்து அறையிலேயே வையுங்கள். பக்கத்தில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். எளிய மோடில் வெப்பத்தைச் சரிசெய்யும் மெனு வராது. அதனால் அணைந்த நிலையில் பத்து முறை அழுத்தி, பத்தாவதில் பிடித்துக்கொண்டு விரிவான மோடுக்கு மாறுங்கள். பிறகு அணைந்த நிலையில் மூன்று கிளிக் கொடுத்தால் பேட்டரி அளவு, அங்கிருந்து இரண்டு கிளிக்கில் வெப்ப அளவு. அங்கே ஏழு முறை அழுத்தி ஏழாவதில் பிடியுங்கள். முதல் சிமிட்டலில் விட்டால் தற்போதைய வெப்பத்தைக் கேட்கும். 31 டிகிரி என்றால் 31 கிளிக். இரண்டாவது சிமிட்டலில் விட்டால் உச்ச வரம்பு. 30-க்கு மேல் எத்தனை டிகிரியோ அத்தனை கிளிக். அதாவது 20 கிளிக் கொடுத்தால் 50.

வரம்பு 45 என்றே இருந்தால் மே மாதத்து 40 டிகிரி வெயிலில் டார்ச்சுக்கு மூச்சுவிட ஐந்து டிகிரிதான் மிச்சம், வெளிச்சம் உடனே படுத்துவிடும். 50 நியாயமான இடம். 55-க்கு மேல் ஏற்றாதீர்கள். உடம்புக்குள் இருப்பது லித்தியம் செல், பெரும்பாலான செல்களுக்கு 60 டிகிரிதான் எல்லை. வெயிலில் நிற்கும் வண்டியின் டேங்க் கவரில் டார்ச்சை விட்டுவைக்கக் கூடாது என்பதும் அதனால்தான்.

பையில் வைக்குமுன் நான்கு கிளிக் கொடுத்துப் பூட்டுங்கள், அல்லது பின் மூடியைக் கால் சுற்று தளர்த்துங்கள். நெரிசலான பஸ்ஸில் பையோடு அழுந்தி எரியத் தொடங்கும் டர்போ மோடு (உச்ச வெளிச்சம்) துணியைக் கருக்கிவிடும்.

செல்லில் மிச்சம் பிடிக்காதீர்கள்

9900 மில்லி ஆம்பியர்-மணி தரும் 18650 செல் உலகத்தில் கிடையாது, அப்படி அச்சடித்திருந்தால் அது போலி. இந்த அளவில் பெரும்பாலான நல்ல செல்கள் 3500 மில்லி ஆம்பியர்-மணி வரை தரும், 21700 அளவில் 5000 என்பது சாதாரணம். எடை போட்டாலே பாதி போலிகள் தெரிந்துவிடும்: உண்மையான 18650 செல் பெரும்பாலும் 45 கிராம் பக்கம் இருக்கும், போலி 30 சொச்சத்தில் நிற்கும்.

கொள்ளளவு மட்டும் போதாது, எத்தனை ஆம்பியர் தரும் என்பதையும் பார்க்க வேண்டும். சாம்சங் 30கியூ 3000 கொள்ளளவில் 15 ஆம்பியர் தரும். எல்ஜி எம்ஜே1 3500 கொள்ளளவில் 10 ஆம்பியர்தான். நான்கு எல்இடி டார்ச்சில் இரண்டாவதைப் போட்டால் டர்போவில் வோல்டேஜ் சரிந்து, பேட்டரி முக்கால்வாசி இருக்கும்போதே டார்ச் தடுமாறும். பாதுகாப்புச் சர்க்யூட் வைத்த செல் இன்னொரு சிக்கல். அது 65 மில்லிமீட்டருக்குப் பதில் 69 பக்கம் நீளும், சில குழாய்களில் நுழையாது. நுழைந்தாலும் அதிக மின்னோட்டத்தில் சர்க்யூட் வெட்டிவிட்டு டார்ச் அணையும்.

தட்டைத் தலை செல் தொடவில்லை என்று நடுவில் சின்னக் காந்தம் வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். காந்தம் நகர்ந்தால் நேர்முனையும் செல்லின் ஓடும் ஒட்டிக்கொள்ளும்; அந்த ஓடு முழுக்க எதிர்முனை. உறை கிழிந்த செல்லும் அதே ஆபத்துதான். புது சுருங்கு உறையும் நேர்முனைக்கு இன்சுலேட்டர் வளையமும் போடாமல் பயன்படுத்தக் கூடாது. பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த செல் குறைந்த வெளிச்ச டார்ச்சுக்கு ஓடலாம், சக்திவாய்ந்த டார்ச்சுக்கு வேண்டாம். 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்த செல்லை எழுப்பவே வேண்டாம்.

நேரடியாகச் சார்ஜ் ஆகும் டார்ச் டைப்-சி முதல் டைப்-சி வயரில் சார்ஜ் ஆகவில்லை என்றால் டார்ச் பழுது என்று நினைக்காதீர்கள். விலை குறைந்த சர்க்யூட்களில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை விட்டுவிடுகிறார்கள். மறுமுனை பழைய செவ்வக டைப்-ஏ ஆக இருக்கும் வயரில் போட்டால் ஏறும்.

நிறம்

காசிமேட்டில் விடியற்காலை மீன் எடுப்பவர்களுக்கு இது அழகுப் பிரச்சினை அல்ல. 6500 கெல்வின் (ஒளியின் நிற அளவு, எண் கூடினால் நீலம் கூடும்), 70 சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) எல்இடியின் நீல வெளிச்சத்தில் புதிய மீனின் செவுளும் வெளிறித்தான் தெரியும், நேற்றைய மீனோடு வேறுபாடு புலப்படாது. 4000 முதல் 5000 கெல்வின் வரை, சிஆர்ஐ 90-க்கு மேல் உள்ள நிச்சியா 519ஏ, சாம்சங் எல்எச்351டி, லுமினஸ் எஸ்எஸ்டி-20 (95 சிஆர்ஐ வகை) ஆகியவற்றில் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். எலக்ட்ரீஷியன்களுக்கும் பழுப்பு, சிவப்பு வயர்களைப் பிரித்தறிய இதுவே கைகொடுக்கும். லூமென் கொஞ்சம் குறையும், ஆனால் அந்தக் குறைவைக் கண் பொருட்படுத்தாது.

எல்இடி மாற்றும்போது

கான்வாய் எஸ்2 பிளஸ் போன்ற எளிய குழாய் டார்ச்சில் தொடங்குவது நல்லது. சால்டர், ஃப்ளக்ஸ், சிலிக்கான் வயர், மல்டிமீட்டர் எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். முதலில் பார்க்க வேண்டியது எல்இடியின் அளவும் வோல்டேஜும். 3535 (3.5 மி.மீ. சதுரம்) எல்இடிக்கான செப்புத் தகட்டில் 5050 (5 மி.மீ. சதுரம்) உட்காராது. 6 வோல்ட் எக்ஸ்எச்பி70.2 எல்இடியை ஒற்றைச் செல் 3 வோல்ட் டிரைவரில் இணைத்தால் எரியாது, அதற்கு வோல்டேஜை உயர்த்தும் பூஸ்ட் டிரைவர் வேண்டும். எதிர்த்திசையில் இன்னும் மோசம்: நேரடியாகச் செல்லை இணைக்கும் எஃப்இடி டிரைவரில், குறைந்த வோல்டேஜிலேயே ஓடும் ஆஸ்ரம் டபிள்யூ1 போன்ற எல்இடியைப் போட்டால் நல்ல செல் அதை நொடியில் கருக்கிவிடும். ஸ்பிரிங் மேல் 22 கேஜ் வயர் போட்டு பைபாஸ் செய்தால் இந்த ஆபத்து இன்னும் கூடும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவரில் அந்த பைபாஸால் பெரிய லாபமும் இல்லை.

தகட்டைச் சூடான பிளேட்டில் வைத்து, 63/37 ஈயச் சால்டர் உருகியதும் (183 டிகிரி) பழைய எல்இடியை இடுக்கியால் எடுங்கள். சால்டர் பேஸ்ட்டை மெல்லியதாகப் பூசிப் புதியதை வையுங்கள். அது தானாக மிதந்து நேராகும். ஓரத்தில் லேசாகத் தட்டி மிகுதி ஈயத்தை வெளியேற்றுங்கள், எல்இடியின் மேலுள்ள குமிழான டோமைத் தொடவே கூடாது. மல்டிமீட்டரின் டயோடு மோடில் மங்கலாக எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வயரை இணைக்க வேண்டும். தகட்டுக்கு அடியில் வெப்பப் பசை பட்டாணி அளவில் பாதி போதும். தடிமனாக அப்பினால் அதுவே சூட்டைத் தடுக்கும்.

பெரும்பாலான டார்ச்கள் சாவது கடைசிக் கட்டத்தில்தான். புது எல்இடி உயரத்துக்குப் பழைய மையவளையம் பொருந்தாமல் ரிஃப்ளெக்டரின் உலோக விளிம்பு ஈயப் புள்ளியில் பட்டுவிடும். ஷார்ட் ஆகி டிரைவர் போய்விடும். கேப்டான் டேப் (சூடு தாங்கும் இன்சுலேஷன் டேப்) ஒட்டி, மூடுமுன் மல்டிமீட்டரில் சோதியுங்கள். 519ஏ-வின் டோமை உரித்தால் நிறம் சுமார் 1000 முதல் 1200 கெல்வின் மஞ்சளுக்கு இறங்கும் என்பதையும் முன்பே கணக்கில் எடுங்கள். 4500 வேண்டுமானால் 5700 வாங்கி உரிக்க வேண்டும்.

உப்புக் காற்று

திருவொற்றியூர், எண்ணூர்க் கரையில் புழங்கும் டார்ச்சுக்கு முதல் எதிரி உப்பு. அலுமினிய உடம்பில் எஃகுத் திருகு சேரும் இடத்தில் அரிப்பு தொடங்கும். கடல் நீர் தெறித்தால் மூடியபடியே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து உலர்ந்த பிறகு திறவுங்கள். மரைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நைட்ரைல் ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். படகில் பயன்படுத்துவதற்குச் சார்ஜிங் துளையே இல்லாத, நீரில் மூழ்கினாலும் தாங்கும் ஐபிஎக்ஸ்8 டார்ச் நல்லது. ஐபிஎக்ஸ்4 என்பது தெறிப்புக்கு மட்டும், மழைக்காலத்துத் தெருவெள்ளத்துக்கு அல்ல. சூடாக இருக்கும் டார்ச்சை நீரில் முக்காதீர்கள். உள்காற்று குளிர்ந்து சுருங்கும்போது தளர்ந்த ஓ-ரிங் வழியே தண்ணீரை உள்ளே இழுக்கும்.

கடல் நீர் உள்ளே போய்விட்டால் சுவிட்சை அழுத்திப் பார்க்கவே பார்க்காதீர்கள். உடனே செல்லை வெளியே எடுத்துத் தனியாக, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள். குழாயையும் டிரைவரையும் காய்ச்சி வடித்த நீரில் அலசி, பிறகு ஆல்கஹாலில் அலசி, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலர விடுங்கள். டார்ச் பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தச் செல்லை மறுபடி சார்ஜில் போடக் கூடாது.